களைப்புக்கு எதிர்ச்சொல் எது? – வாசகர் கேள்வி பதில்

அலுப்பு, சலிப்பு, அசதி, களைப்பு ஆகிய சொற்கள் எவ்வாறு வேறுபடுகின்றன என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் பலர், அந்த நிலைகள் நீங்கிய பிறகு வருவதற்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதால் இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஏழாம் வகுப்புத் தேர்வில் ‘களைப்பு’ என்னும் சொல்லுக்கு எதிர்ச்சொல் எழுதுமாறு கேட்டிருந்தேன். பலர் ‘சுறுசுறுப்பு’ என்றும், சிலர் ‘உற்சாகம்’ என்றும், ஒரே ஒரு மாணவி ‘தெம்பு’ என்றும் எழுதியிருந்தார்கள். ‘தெம்பு’ பேச்சுவழக்குச் சொல் என்பதால் அதற்கு மதிப்பெண் தரக்கூடாது என்கிறார் உடன் பணியாற்றும் ஆசிரியர். எதைச் சரியென்று கொள்வது?
– தமிழாசிரியை ஒருவர், திருத்துறைப்பூண்டி

பதில்: அந்த மாணவிக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். மூன்று விடைகளுள் மிகவும் பொருத்தமானது அவள் எழுதியதுதான்.

எதிர்ச்சொல்லைத் தேடும்போது சொல்லை மட்டும் பார்த்தால் போதாது. அந்தச் சொல் எந்த நிலையைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டும். களைப்பு என்பது நடந்ததாலோ, உழைத்ததாலோ, பசித்திருந்ததாலோ உடம்பின் வலு குறைந்துபோன நிலை. சோம்பல் அப்படிப்பட்டதன்று, வலு இருந்தும் செய்ய மனம் வராமைக்கே சோம்பல் என்று பெயர். சலிப்பு ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வதால் மனத்தில் படிவது. தளர்ச்சி முதுமையாலும் நோயாலும் வருவது. ஒரு நாள் தூங்கி எழுந்தால் தீர்ந்துவிடுவதன்று. சோர்வு உடலுக்கும் மனத்துக்கும் பொதுவானது. இவை ஒவ்வொன்றுக்கும் எதிர்நிலை வேறு.

இப்போது சுறுசுறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பொழுது விடிந்தது முதல் சேற்றில் நின்று நாற்று நட்ட ஒரு பெண் மாலையில் வீட்டுக்குத் திரும்பியதும் உட்காராமல் அடுப்பை மூட்டி, உலை வைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறாள். அவளிடம் களைப்பு இருக்கிறது, சுறுசுறுப்பும் இருக்கிறது. ஒரே ஆளிடம் ஒரே பொழுதில் சேர்ந்திருக்கக் கூடிய இரண்டை எதிர்ச்சொற்கள் என்று எப்படிச் சொல்வது? சுறுசுறுப்புக்கு எதிர் சோம்பல்தான். உற்சாகமும் இப்படியே. வடமொழியில் ‘உத்ஸாஹம்’ என்று வழங்கி, நாட்டிய சாத்திரத்தில் வீரச்சுவைக்கு அடிப்படையான உணர்வாக வைக்கப்பட்ட சொல் அது; முழுக்க முழுக்க மனத்தைச் சேர்ந்தது. பந்தயத்தில் வென்ற ஓட்டக்காரர் நிற்கவும் முடியாமல் களைத்திருப்பார், ஆனால் உற்சாகத்தில் மிதப்பார்.

தெம்பு ஒன்றுதான் களைப்போடு நேருக்கு நேர் நிற்கிறது. “ஒரு சொம்பு நீராகாரம் குடித்த பிறகுதான் தெம்பு வந்தது” என்று சொல்லும்போது, தெம்பு வந்த அந்த நொடியிலேயே களைப்பு போய்விடுகிறது. இரண்டும் ஓர் உடம்பில் சேர்ந்திருப்பதில்லை. இது பேச்சுவழக்கில் மிகுதியாகப் புழங்குவது உண்மைதான். ஆனால், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி அதற்கு இடம் தந்திருக்கிறது. 1992இல் முதற்பதிப்பு கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் தந்திருக்கிறது. தெலுங்கில் இதே சொல் துணிச்சலைக் குறிக்கும். தமிழில் அது உடம்பின் வலுவுக்கு வந்து நிலைத்துவிட்டது. பாட்டியிடம் கேட்ட சொல்லை ஒரு குழந்தை தேர்வுத்தாளில் இடமறிந்து எழுதியிருக்கிறாள். அதைத் தவறென்று சிவப்பு மையால் அடிப்பது மொழிக்குச் செய்யும் நன்மையாகாது.

மற்ற இரண்டு விடைகளை எழுதியவர்களுக்கும் மதிப்பெண் தரலாம். வினாவில் தனிச்சொல் மட்டுமே இருந்ததால் அவர்கள் வேறொரு சோர்வை நினைத்திருக்க இடமுண்டு. அடுத்த முறை ‘நெடுந்தூரம் நடந்ததால் அவனுக்குக் களைப்பு ஏற்பட்டது’ என்பது போல ஒரு தொடரைக் கொடுத்துவிட்டு எதிர்ச்சொல்லைக் கேளுங்கள்.

கேள்வி: ‘தெம்பு’ சரியா, ‘தென்பு’ சரியா? அதுவும் ‘திராணி’யும் ஒன்றா?
– கல்லூரி மாணவர், விருதுநகர்

பதில்: இரண்டு வடிவங்களும் வழங்குகின்றன, எழுதும்போது ‘தெம்பு’ என்றே எழுதுங்கள். திராணி சற்று வேறானது. “எழுந்து நிற்கக்கூடத் திராணி இல்லை”, “எதிர்த்துக் கேட்கத் திராணி உண்டா?” என்று, இல்லை என்னும் இடத்திலும் கேள்வி கேட்கும் இடத்திலும்தான் அது பெரும்பாலும் வருகிறது. தெம்பு வரும், போகும், கூடும், குறையும். திராணி ஒருவரிடம் இருக்கும் அல்லது இருக்காது.

கேள்வி: ‘களைத்துப் போனான்’ என்றால் சோர்வு. ‘திருவிழா களைகட்டியது’ என்றால் உற்சாகம். ‘முகம் களையாக இருக்கிறது’ என்றால் பொலிவு. ஒரே சொல் தனக்குத்தானே எதிர்ச்சொல்லாக இருப்பது எப்படி?
– ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், பொள்ளாச்சி

பதில்: இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு நெடுநேரம் மகிழ்ந்திருந்தேன். நாள்தோறும் நாவில் புரளும் சொற்களை நின்று பார்ப்பவர்களுக்கு மட்டுமே இப்படி ஒன்று கண்ணில் படும்.

இவை ஒரே ஒலியில் வந்து சேர்ந்த வேறு வேறு சொற்கள். சோர்வைக் குறிக்கும் ‘களை’ வினைச்சொல். களைத்தான், களைத்தாள், களைப்பு என்று விரியும். பயிருக்கிடையே முளைக்கும் ‘களை’ இன்னொன்று. அதைப் பிடுங்கி நீக்குவதிலிருந்து ‘களைதல்’ என்பது நீக்குதல் என்னும் பொதுப்பொருளில் நமக்கு நன்கு பழக்கமாகியிருக்கிறது. முகத்தில் தெரியும் ‘களை’யோ வடமொழியிலிருந்து வந்தது. நிலவின் ஒளிப் பகுதிகளைக் கலைகள் என்கிறோம் அல்லவா, அந்தக் ‘கலா’ என்னும் சொல்லே லகரம் ளகரமாகி, ஒளி என்றும் அழகு என்றும் பொருள் தந்து, முகத்துக்கு வந்துவிட்டது. “பெண்ணின் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும்போது அவர்கள் சொல்வது நிலவின் ஒளியைத்தான். திருவிழா ‘களைகட்டுவதும்’ அந்த ஒளி கூடி நிறைவதே.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. திருக்குறளிலும் ‘களைகட்டல்’ வருகிறது. கொலையிற் கொடியாரை அரசன் தண்டிப்பது ‘பைங்கூழ் களைகட்டதனொடு நேர்’ என்கிறது 550ஆம் குறள். அங்கே களைகட்டல் என்பது பசும்பயிரின் நடுவே முளைத்த களையைப் பறித்து எறிவது. இன்றைய பொருளோடு அந்தக் குறளைப் படிக்கும் ஒருவர் திகைத்துத்தான் போவார். வயலில் களை எடுத்துக் களைத்துப் போனவளின் முகத்தில் களை குறைந்திருந்தது என்று நாம் இன்று ஒரே வரியில் மூன்று களைகளையும் எழுதிவிடலாம். தமிழ் அறிந்த எவருக்கும் அதில் குழப்பம் வராது.

ஆகவே உங்கள் கேள்விக்கு விடை இப்படி அமைகிறது: முகத்தில் தெரியும் களைப்புக்கு எதிர்ச்சொல் களையேதான். வாட்டம் என்று சொன்னால் அதற்கு எதிர் மலர்ச்சி, பொலிவு. களைப்பு என்று சொன்னால் களை.

உண்மையிலேயே ஒரு வினை சோர்வுக்கும் கொண்டாட்டத்துக்கும் சேர்ந்து வழங்குவதைக் காண வேண்டுமானால் ‘அயர்’ என்பதைப் பாருங்கள். சங்கப் பாடல்களில் விழவு அயர்வார்கள், விருந்து அயர்வார்கள், முருகனுக்கு வெறி அயர்வார்கள். அங்கெல்லாம் அயர்தல் என்றால் முனைந்து செய்தல், கொண்டாடுதல். அந்தப் பொருள் இன்றைய வழக்கில் முற்றிலும் உதிர்ந்துபோய், ‘அயர்ந்து தூங்கினான்’, ‘அயர்வு’, ‘அயராத உழைப்பு’ ஆகியவற்றில் சோர்வுப் பொருள் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நாங்கள் ‘இளைப்பாறிய ஆசிரியர்’ என்று சொல்வோம். இங்கே கனடாவில் என்னோடு வேலை செய்யும் தமிழ்நாட்டு நண்பர்கள் அதைக் கேட்டு, ‘இளைத்துப் போன ஆசிரியரா?’ என்கிறார்கள். ‘ஓய்வு பெற்ற’ என்பதுதான் சரியா?
– வாசகி, ரொறன்ரோ

பதில்: நீங்கள் சொல்வதை மாற்ற வேண்டாம், அம்மா. இரண்டும் நல்ல தமிழே. என்னைக் கேட்டால், உங்கள் ஊர் வழக்கில் கூடுதலான நயம் இருக்கிறது என்பேன். ஓய்வு பெற்றவருக்கு அதை வேறொருவர் கொடுக்க வேண்டியிருக்கிறது. இளைப்பாறியவர் தாமாகவே ஆறியிருக்கிறார்.

உங்கள் நண்பர்கள் ‘இளை’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு ‘ஆறு’ என்பதை விட்டுவிட்டார்கள். இளைத்தல் என்றால் மெலிதலும் மூச்சு வாங்குதலும். ஆஸ்துமாவைக்கூட நம் மக்கள் இளைப்பு என்று சொல்வதுண்டு. ஆறுதல் என்றால் சூடு தணிதல். காய்ச்சிய பால் ஆறுகிறது. பட்ட புண் ஆறுகிறது. மூண்ட சினம் ஆறுகிறது. வயிற்றின் பசியும் ஆறுகிறது. மலேசியத் தமிழர்கள் காலையில் ஒருவரையொருவர் பார்த்ததும் “பசியாறியாச்சா?” என்று கேட்பது இதனால்தான். துயரத்தில் இருப்பவருக்கு நாம் சொல்வதற்கும் ஆறுதல் என்றே பெயர். பழைய தமிழ் விவிலியத்தில், வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களை அழைத்து, அவர்களுக்கு இயேசு தருவதாகச் சொல்வதும் ‘இளைப்பாறுதல்’தான்.

இந்தச் சொற்களை உண்டாக்கியவர்கள் களைப்பை ஒரு சூடாகக் கண்டிருக்கிறார்கள். வெயிலில் உழைத்த உடம்பு கொதிக்கும், வியர்க்கும், மூச்சு இறைக்கும். மரத்தடியில் ஒரு நாழிகை உட்கார்ந்தால் எல்லாம் தணியும். களைத்தவருக்கு வேண்டியதை ‘ஆறு’ என்னும் ஒரு வினையிலேயே அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

இங்கே என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். களைப்புக்கு எதிர்ச்சொல் கேட்கும்போது நாம் ஒரு பெயர்ச்சொல்லையே எதிர்பார்க்கிறோம். தமிழோ அந்த எதிர்நிலையைப் பெரும்பாலும் வினையாலேயே சொல்லிவந்திருக்கிறது, அதுவும் ஒவ்வொரு சோர்வுக்கும் தனி வினையால். களைப்பு தீரும். இளைப்பு ஆறும். மயக்கம் தெளியும். வாடிய முகம் மலரும். சாய்ந்த பயிர் நிமிரும். நோயில் நலிந்த உடம்பு தேறும். இவற்றை இடம் மாற்றிப் பாருங்கள்: ‘மயக்கம் ஆறியது’ என்றோ ‘இளைப்பு தெளிந்தது’ என்றோ யாரும் சொல்வதில்லை.

இவற்றுள் என் நெஞ்சுக்கு மிகவும் நெருக்கமானது ‘தேறு’. காய்ச்சலில் படுத்தவரைப் பார்த்துவிட்டு வருபவர்கள் “முன்னைக்கு இப்போது தேறியிருக்கிறார்” என்பார்கள். முழுதாகக் குணமாகிவிட்டார் என்று அதற்குப் பொருளன்று. களைப்பிலிருந்து தெம்பை நோக்கிப் பாதி வழி வந்திருக்கிறார், இனி வந்துவிடுவார் என்ற நம்பிக்கை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. கலங்கிய நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையின் பெயரிலும் இந்த வினையே இருக்கிறது. மட்குடத்தின் உட்புறத்தில் அந்தக் கொட்டையை இழைத்துவிட்டு நீரை ஊற்றி வைத்தால், கலங்கல் அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். காதலனைப் பிரிந்து அறிவு கலங்கி அலைந்த பெண் அவன் வந்து சேர்ந்ததும் நலம் பெற்றதைச் சொல்ல வந்த கலித்தொகைப் புலவர், அந்தக் கொட்டையால் தேற்றத் தெளிந்த நீரைத்தான் உவமையாக எடுத்துக்கொண்டார். சோர்ந்தவர் மீள்வதற்கு இதைவிடப் பொருத்தமான உவமையை நான் கண்டதில்லை. நீருக்குள் புதிதாக எதுவும் வந்து சேரவில்லை. கலங்கியது அடங்கிவிட்டது, அவ்வளவே.

கேள்வி: சோம்பலைக் கண்டித்து ஓர் அதிகாரமே பாடிய வள்ளுவர், சோர்வுக்கு எதிரான நிலைக்கு என்ன சொல்லை ஆள்கிறார்?
– முதுகலை மாணவி, மதுரை

பதில்: அவர் ஆளும் சொற்களில் பல எதிர்மறை வடிவங்கள் என்பதை முதலில் கவனியுங்கள். ‘ஆகூழால் தோன்றும் அசைவின்மை கைப்பொருள் போகூழால் தோன்றும் மடி’ என்பது 371ஆம் குறள். இங்கே மடிக்கு, அதாவது சோம்பலுக்கு, நேர் எதிராக அவர் நிறுத்தும் சொல் ‘அசைவின்மை’. அசைவு என்றால் இன்று நமக்கு ஆட்டமும் இயக்கமும்தான் நினைவுக்கு வரும். அசைவின்மை என்றால் கல்லைப் போலக் கிடப்பது என்று எண்ணுவோம். பழந்தமிழில் அசைதல் தளர்வதையும் குறித்தது. வழிநடந்து தளர்ந்தவர் தங்கி இளைப்பாறுவதைச் சங்கப் பாடல்கள் ‘அசைஇ’ என்று சொல்லும். ஆகவே அசைவின்மை என்பது தளராமை. உரையாசிரியர்கள் அதற்கு முயற்சி என்றே பொருள் கூறுகிறார்கள். 594ஆம் குறளில் ‘அசைவிலா ஊக்கமுடையான்’ இருக்குமிடத்தை வழி கேட்டுக்கொண்டு ஆக்கம் தானே போய்ச் சேரும் என்கிறார். 611ஆம் குறளில் ‘அருமை உடைத்தென்று அசாவாமை வேண்டும்’ என்கிறார். அசாவுதல் என்னும் அழகான வினை இன்று வழக்கொழிந்துவிட்டது. செய்வதற்கு அரியது என்று எண்ணியே மனம் தளர்ந்துபோவதற்குப் பெயர் அசாவுதல். தொடங்குவதற்கு முன்பே வரும் அந்தக் களைப்பு நம்மில் பலருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அதற்கென்று ஒரு தனிச்சொல் இன்று நம்மிடம் இல்லை.

நேர்மறையாக அவர் தரும் சொற்கள் ஊக்கமும் உரமும். ‘உரம் ஒருவற்கு உள்ள வெறுக்கை’ என்னும்போது ஊக்கத்தின் மிகுதியையே வலிமை என்கிறார். உடம்பெல்லாம் அம்பு புதைந்த நிலையிலும் தன் பெருமையை ஊன்றி நிற்கும் களிற்றை 597ஆம் குறளில் காட்டி, சிதைவு வந்த இடத்திலும் உரவோர் ‘ஒல்கார்’, அதாவது தளரமாட்டார், என்கிறார்.

இவையெல்லாம் மனத்தைப் பற்றியவை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. உடம்பின் களைப்பை வள்ளுவர் எங்கும் பழிக்கவில்லை. ‘முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்’ என்று, உடம்பு வருந்திய அளவுக்குக் கூலி உண்டு என்றே சொல்கிறார். அவர் பழிப்பது மடியை. இரவு பகலாக உழைத்துக் களைத்து விழுந்தவரிடம் ஊக்கமுடைமைக் குறளை எடுத்துச் சொல்லிக் குற்றவுணர்வு ஊட்டுபவர்களைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த அதிகாரம் அவர்களுக்காக எழுதப்பட்டதன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘அயரா உழைப்பு’, ‘தளரா உள்ளம்’, ‘ஓயா அலை’ என்று நாம் எழுதும் தொடர்களில் அயரா, தளரா, ஓயா என்பவை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சங்கள். சோர்வு வரவேயில்லை என்பதுதான் அவற்றின் பொருள். சோர்வு வந்து பின் நீங்கியதை அவை சொல்லமாட்டா. அறுவை சிகிச்சை முடிந்து பணிக்குத் திரும்பியவரை வரவேற்கும் மடலில் ‘தளராதவர்’ என்று எழுதுவதைவிட ‘தேறி வந்தவர்’ என்று எழுதுவது உண்மையாக இருக்கும்.

கேள்வி: ‘களைத்துப்போன மண்’ என்று ஒரு கட்டுரையில் படித்தேன். மண் களைக்குமா? அப்படியானால் அதற்கு எதிர்ச்சொல் என்ன?
– விவசாயி, கம்பம்

பதில்: அது வேற்றுமொழியில் எண்ணி எழுதியதாகத் தோன்றுகிறது. நம் வழக்கில் மண் சத்து இழக்கும்; இன்னும் மோசமானால் ‘மண் செத்துப்போச்சு’ என்பார்கள். எதிர்நிலைக்கு வளம், செழிப்பு என்ற சொற்கள் இருக்கின்றன. இங்கும் வினைகளே உயிரோடு இருக்கின்றன: நிலத்தை ஒரு போகம் ‘ஆறப்போடுவது’ என்று நீங்களே சொல்வீர்கள், இளைப்பாறும் மனிதருக்குச் சொன்ன அதே ‘ஆறு’தான் நிலத்துக்கும். ஆறப்போட்ட நிலத்தில் தக்கைப்பூண்டையோ சணப்பையோ கொளுஞ்சியையோ விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால் மண் மறுபடி உரம் பெறும். அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைப்பதுதான் காரணம். வள்ளுவர் மனவலிமைக்குச் சொன்ன ‘உரம்’ இன்று கடையில் மூட்டையாகக் கிடைக்கும் பொருளின் பெயராகவும் இருக்கிறது. மண்ணுக்கு வலு தருவது என்ற அளவில் அது பொருந்தியே வருகிறது.

கிணற்றுக்கு வற்றுதலும் ஊறுதலும். ‘இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்’ என்பது உங்களுக்குத் தெரியாததன்று.

கேள்வி: என் மகன் ‘டயர்டா இருக்கு’, ‘ஃப்ரெஷ்ஷா ஃபீல் பண்றேன்’ என்றே பேசுகிறான். ‘புத்துணர்ச்சி’ என்று சொல்லிக் கொடுத்தேன். சோப்பு விளம்பரம் போல இருக்கிறது என்கிறான். வேறு சொல் உண்டா?
– இல்லத்தரசி, குரோம்பேட்டை

பதில்: உங்கள் மகனின் காது கூர்மையானது. புத்துணர்ச்சி பிழையான சொல்லன்று. எழுத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் குளித்துவிட்டு வந்து ஈரத்தலையோடு அம்மாவிடம் சொல்லும் சொல்லாக அது இன்னும் ஆகவில்லை. வீட்டில் பேசுவதற்கு வேண்டியவை நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. நன்றாகத் தூங்கி எழுந்தவர்கள் “உடம்பு லேசா இருக்கு” என்பார்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் “அலுப்பெல்லாம் போயிடுச்சு” என்பார்கள். காப்பி குடித்த பிறகு “இப்பதான் தெளிவா இருக்கு” என்பார்கள். சாப்பிட்ட பிறகு “தெம்பு வந்துச்சு” என்பார்கள். இவை நான்கும் ஆங்கிலத்தின் அந்த ஒரே சொல் வந்து நிற்கும் நான்கு வேறு இடங்கள். நீங்கள் அவனைத் திருத்த வேண்டாம். அந்தந்த இடத்தில் நீங்கள் இயல்பாகச் சொல்லி வந்தால் போதும், அவன் எடுத்துக்கொள்வான்.

அவனுக்கு விருப்பமிருந்தால் இரட்டைக்கிளவிகளையும் சொல்லிக் கொடுங்கள். துறுதுறுப்பு குழந்தைக்கு, சுறுசுறுப்பு உழைப்பவருக்கு, கலகலப்பு கூட்டத்துக்கு, விறுவிறுப்பு ஆட்டத்துக்கும் கதைக்கும். இவற்றுள் சுறுசுறு என்பது எரிச்சலையும், விறுவிறு என்பது நஞ்சு ஏறும் உணர்வையும் காட்டும் சொற்கள். உடம்பில் ஒன்று ஓடுவது போன்ற உணர்விலிருந்துதான் இந்தச் சொற்கள் ஊக்கத்துக்கு வந்திருக்கின்றன.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். வளரும் பிள்ளை போதிய அளவு தூங்கி, சாப்பிட்டும் நாள்தோறும் களைப்பாக இருக்கிறது என்று சொன்னால், சோகை போன்ற காரணம் இருக்கலாம். அப்போது சொல்லைப் பார்க்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: களைப்புக்கு எதிரான பொருளில் நாம் தொலைத்துவிட்ட பழஞ்சொல் ஒன்றைச் சொல்லுங்கள்; என் பேத்திக்குச் சொல்லித் தர வேண்டும்.
– எண்பது வயது வாசகர், மட்டக்களப்பு

பதில்: மிடல், மைந்து, நோன்மை என்று பல உண்டு, ஐயா. பேத்திக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ‘மதுகை’ என்பேன். வலிமை என்பது அதன் பொருள். வெளியே காட்டும் வலிமையைவிட, தாங்கி நிற்கும் வலிமை.

அது வரும் இடத்தையும் அவளுக்குச் சொல்லுங்கள். குறுந்தொகையின் 290ஆம் பாட்டில், பிரிவுத்துயரைத் தாங்கிக்கொள் என்று அறிவுரை சொல்பவர்களைப் பற்றித் தலைவி கேட்கிறாள்: அவர்கள் இந்த நோயை அறியாதவர்களா, இல்லை, ‘அனைமதுகையர்கொல்’, அவ்வளவு வலிமை உடையவர்களா? நானோ என் காதலரைக் காணாவிட்டால், பெருவெள்ளத்தில் பாறைமீது மோதும் சிறு நுரையைப் போல மெல்ல மெல்ல இல்லாமல் போவேன் என்கிறாள். ‘கல்பொரு சிறுநுரை’ என்னும் அந்தத் தொடராலேயே அந்தப் புலவருக்குக் கல்பொரு சிறுநுரையார் என்று பெயர் வந்துவிட்டது. ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய்தல் ஆகிய நான்கு சொற்களுக்கும் தொல்காப்பியர் ‘உள்ளதன் நுணுக்கம்’ என்று பொருள் சொல்கிறார். முன்பு இருந்தது சிறிது சிறிதாகக் குறைந்து நுண்ணியதாகிப் போவது. தலைவி ‘மெல்ல மெல்ல’ என்று சொல்வதும் அதையே.

பேத்தி சிறுமியாக இருந்தால் நுரையை மட்டும் முதலில் காட்டுங்கள். உங்கள் ஊரில் கடலுக்குக் குறைவில்லை. கல்லில் மோதி நுரை அவிந்து போவதை அவள் பார்த்த பிறகு, மோதியும் அப்படியே நிற்கும் கல்லைக் காட்டி ‘மதுகை’ என்று சொல்லுங்கள்.